படுத்திருப்பவர்களை விட்டுவிடவும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நம் முதலாளி கேட்டுக்கொண்டார். நேரில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன். எப்படிப் பெட்டி போடுவது, எந்த விசையை அழுத்துவது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே உங்களுக்கு வந்துவிடும். என் விரல்களை விட உங்கள் விரல்கள் வேகமானவை. ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை. நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதில் யாரும் சாகவில்லை. அதனால்தான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

இந்த வேலைக்கு வருமுன் இருபத்திரண்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள் நான். அங்கே மேசைக்கு மேல் ஒரு மாதிரிச் சட்டை தொங்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பியது. காலர் அதில் இருப்பது போல இருந்தால் சரி, அரை விரல் விலகினால் பிழை. அந்த மாதிரிச் சட்டை அழகா, அசிங்கமா, அதை யார் போடப்போகிறார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. யோசிக்கிற பெண்ணுக்கு அங்கே அன்றைய சட்டைக் கணக்கு எட்டாது.

அந்தப் பழக்கத்தோடுதான் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு வந்தேன். கீழே தளபாடக் கடை, மேலே என்னையும் முதலாளியையும் தவிர நாற்பது பேர். வரும் படங்களில் இருப்பதைச் சுற்றிப் பெட்டி போட்டு, இது கார், இது நாய், இது மனிதர் என்று பெயர் கொடுப்போம். அப்படிப் பெயர் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து எங்கோ ஓர் இயந்திரம் காரையும் நாயையும் மனிதரையும் பிரித்தறியப் பழகும். எல்லோருடைய பெட்டிகளையும் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை.

ஒருநாள் முதலாளி சிரித்த முகத்தோடு மேலே வந்தார். அக்குறணைக்காரர், மகிழ்ச்சி வந்தால் படியை இரண்டிரண்டாகத் தாண்டுவார். புதிய வேலை, ஒரு வருடத்துக்குக் குறையாமல் வரும் என்றார். மேலே பறக்கும் ட்ரோன் எடுத்த படங்கள். மலைச்சரிவு, பற்றைக்காடு, ஒற்றையடிப் பாதை, அவற்றில் நடமாடும் மனிதர்கள். அனர்த்தம் நடந்த இடத்தில் ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்காக என்று கடிதத்தில் எழுதியிருந்தது. நாங்கள் வேலை எடுத்தது இடைத்தரகு நிறுவனம் ஒன்றிடமிருந்து. அதற்குப் பின்னால் உண்மையான வாடிக்கையாளர் யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மண்சரிவு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை. காய்கறிக்கும் சப்பாத்துக்கும் பெட்டி போட்டது போதும், இனி ஆளைக் காப்பாற்றப் போகிறோம் என்று. அதிகம் மகிழ்ந்தவள் யோகேஸ்வரி. எல்லோருக்கும் யோகா. முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். கலஹாவிலிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இங்கே இன்னொரு பஸ். அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே இருக்கும் சரிவில் இரண்டு வருடமாக வெடிப்பு இருக்கிறது. மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பார்கள்.

வேலையோடு அறிவுறுத்தல் தாள் வந்தது. எளிமையானதுதான். மனிதர் ஒவ்வொருவருக்கும் பெட்டி போடுக. பெரியவரா, சிறுவரா எனக் குறிக்குக. கையிலோ தோளிலோ நீளமான பொருள் உண்டா, இல்லையா எனக் குறிக்குக. நிற்பவர், நடப்பவர், ஓடுபவர், குந்தியிருப்பவர் அனைவரையும் குறிக்குக. படுத்திருப்பவர்களை விட்டுவிடவும்.

அந்தக் கடைசி வரியை நான் வாசித்தேன். நாற்பது பேருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். என் வாயால் சொன்னேன். ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வழக்கமாக எங்கள் திரையில் 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் இருக்கும். படம் கலங்கலாக இருந்தால் அதை அழுத்துவோம். இந்த வேலையில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டிருந்தார்கள். உண்டு, இல்லை. இரண்டே இரண்டு. எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. வேலை வேகமாக ஓடும் அல்லவா?

ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பது எங்கள் முறை. மூவரும் ஒத்துப்போனால் படம் தேறும். இரண்டு வாரத்தில் முதல் தொகுதி முடிந்தபோது எண்களைப் பார்த்தேன். எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், யோகா மட்டும் ஒத்துப்போகவில்லை. படுத்திருப்பவர்களுக்கெல்லாம் பெட்டி போட்டிருக்கிறாள். நீளமான பொருள் என்ற இடத்தில், மற்ற இருவரும் 'உண்டு' என்று குறித்த படங்களில் பாதிக்கு மேல் 'இல்லை' என்று குறித்திருக்கிறாள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவள் அப்படியே திரும்ப அனுப்பினாள். கெடு வந்துவிட்டதால், அடுத்த முறை கவனமாக இருப்போம் என்று ஒரு குறிப்பு எழுதி, தொகுதியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாவது தொகுதியிலும் அவள் அப்படியே குறித்துவர, அது முடியும் தறுவாயில் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். இரண்டாவது எச்சரிக்கை வந்தால் வேலை போகும்.

கடிதத்தை வாசித்துவிட்டு அவள் என் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மண்ணு சரிஞ்சா ஆளு படுத்துத்தானே கெடக்கும்? நிக்கிறவன் தானா நடந்து வந்துருவான். படுத்துக் கெடக்கிறவங்கள விட்டுட்டு, நிக்கிறவங்களையும் ஓடுறவங்களையும் எதுக்கு மிஸ் தேடுறாங்க?"

தாளை எடுத்துக் கடைசி வரியை மறுபடி பார்த்தேன்.

"வாங்க, ஒரு படம் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய திரையில் ஒரு மலைச்சரிவு. எந்த நாட்டுச் சரிவோ தெரியாது. ஏழு பேர் வரிசையாகக் குறுக்கே நடக்கிறார்கள். இரண்டு பேரின் தோளில் நீளமாக ஏதோ இருக்கிறது. "மத்த ரெண்டு பேரும் 'உண்டு'ன்னு போட்டிருக்காங்க. நான் 'இல்ல'ன்னு போட்டேன். அது என்னன்னு எனக்குத் தெரியல மிஸ். கம்பா இருக்கலாம், மம்பட்டியா இருக்கலாம். எங்க தோட்டத்துல தேயிலைக் கவ்வாத்துக்குப் போறவங்கள மேல இருந்து பாத்தா இப்படித்தான் தெரியும். தெரியலன்னு அமுக்க பட்டன் இல்ல. மனசுக்கு எது பாவம் இல்லையோ அத அமுக்கினேன்."

மனிதனைக் கண்டுபிடிக்க வந்த இயந்திரத்துக்கு அவன் தோளில் என்ன இருந்தால் என்ன? அந்தக் கேள்வி அப்போதுதான் என் தலையில் விழுந்தது. யோகா மீட்புப் பணி என்று நம்பினாள், மீட்புக்குத் தேவையானதைச் செய்தாள். நான் தாளில் இருந்ததைச் செய்தேன். எங்கள் இருவரில் வேலை தெரிந்தவள் அவள். எச்சரிக்கைக் கடிதத்தை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "இல்ல மிஸ், கடிதத்துல மீட்புன்னு தெளிவா எழுதி இருக்கே" என்றார். கேட்டுவிடுவோம் என்றேன். அன்று பகலே காணொளி அழைப்பு எடுத்தோம். மறுமுனையில் தரகு நிறுவனத்து இளைஞர், மரியாதையானவர், ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் நன்றி சொல்பவர். என்னுடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். சுற்றி வளைக்கத் தெரியாது. இது மீட்புப் பணிக்குத்தானா என்று நேராகக் கேட்டேன்.

மீட்புக்கும் அது உதவக்கூடும் என்றார்.

சரி, நாங்கள் குறித்துக் கொடுத்ததை வைத்து இயந்திரம் என்ன செய்யும், யாராவது ஆள் பார்த்து முடிவு செய்வாரா என்று கேட்டேன். இறுதி வாடிக்கையாளரைப் பற்றிப் பேசத் தனக்கு அனுமதி இல்லை என்றார். பிறகு என் மீது இரக்கப்பட்டாரோ என்னவோ, தொடர்பு இருக்கும்வரை ஒருவர் பார்ப்பார் என்றார்.

"தொடர்பு அறுந்துவிட்டால்?"

"அதற்காகத்தானே அம்மணி, உங்கள் பெட்டிகள் இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறோம்."

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அழைப்பு முடிந்த பிறகு முதலாளி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே கண்டி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன.

"நாப்பது பேர் மிஸ்" என்றார் கடைசியில். "இந்த வேலைய நம்பி மத்த ரெண்டு வேலையையும் வேணாம்னு சொன்னேன். இத விட்டா நாளைக்கு அவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒரு படமும் இல்ல. இத நான் தனியா முடிவெடுக்க ஏலா. அவங்களையும் கேப்போம்."

மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி, நடந்ததையும், தோளில் இருப்பது துப்பாக்கி என்று இயந்திரமே முடிவு செய்து ஆளைச் சுடக்கூடும் என்று நாங்கள் சந்தேகிப்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னோம். பிறகு ஒரு சிங்களப் பெண் பிள்ளை, நாம் செய்யாவிட்டால் வேறு ஊரில் யாராவது செய்யத்தானே போகிறார்கள் என்று கேட்டாள். குதர்க்கமாக அல்ல, உண்மையாகவே கேட்டாள். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

அப்போது தயாபரன் எழுந்தார். எங்கள் கணினிகளைப் பராமரிப்பவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டவர். யுத்தத்துக்குள் வளர்ந்தவர், அதனால் எங்கள் பக்கம்தான் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வேறு மாதிரிப் பேசினார்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. மெசின் கொல்லும் எண்டு பயப்படுறியள். மனுசர் சுட்டுக் கொல்லுறதை நான் கண்ணால கண்டனான். பயத்தில சுட்டவை, கோவத்தில சுட்டவை, முதல் நாள் தங்கடை ஆள் செத்ததுக்குப் பழி எண்டு சுட்டவை. மெசினுக்குக் கோவம் வராது. பழி தெரியாது. குடிக்காது. பிழைவிடாமல் அதைப் பழக்கலாம் எண்டால், மனுசரை விட அது நல்லம்தானே?"

அது நியாயமான கேள்வி. நீங்களும் ஒருநாள் இதைக் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். கெட்டவர்கள் மட்டுமே இப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

யோகாதான் பேசினாள். "தயாண்ணே, அந்த மெசினுக்கு நாமதானே சொல்லிக் குடுக்கிறோம். நமக்கே தெரியாதத நாம எப்படிப் பிழை இல்லாம சொல்லிக் குடுக்கிறது? மம்பட்டியா துவக்கான்னு எனக்குத் தெரியல. ஆனா நான் 'உண்டு'ன்னு அமுக்கிட்டா, அது தெரிஞ்ச மாதிரியே போயிரும்ல?"

தயாபரன் கதிரையில் உட்கார்ந்தார். கைகளைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கென்றும் இல்லாமல் தனக்கென்றும் இல்லாமல் சொன்னார்.

"எனக்குப் பத்தொன்பது வயசு. மரவள்ளித் தடியைத் தோளில வைச்சுக்கொண்டு வயல் வரம்பால வாறன். எதிரில ஒருத்தன் துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறான். எந்தப் பக்கத்தான் எண்டு கேளாதேங்கோ. எனக்குக் கால் அசையேல்லை. தடியைப் போடவும் தெரியேல்லை. அவன் பார்த்தான். கனநேரம் பார்த்தான். பிறகு துவக்கை இறக்கினான், போ எண்டு தலையால காட்டினான். ஏன் சுடேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அவனுக்கு ஐமிச்சம் வந்திருக்கு, தடியோ துவக்கோ எண்டு. அவ்வளவுதான். அந்த ஐமிச்சத்தாலதான் நான் இருக்கிறன், என்ரை பிள்ளையள் இருக்கினம்."

பிறகு நிமிர்ந்து, "நான் சொன்னதும் பொய்யில்லை அக்கா. சுட்டவையும் மனுசர்தான். ஆனா என்னை விட்டவனும் மனுசன்தான்" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் வாதிடவில்லை. ஆனால் யாரும் முடிவும் சொல்லவில்லை. வேலை போகும் என்ற பயம் நாற்பது முகங்களிலும் அப்படியே இருந்தது, என் முகத்திலும்தான். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது தொகுதி நாளைக்கு நாலு மணிக்குப் போவணும். நீங்க கையெழுத்து வெச்சா அனுப்புறேன். வெக்காட்டி அனுப்ப மாட்டேன். அதுக்குப் பொறகு என்ன வந்தாலும் எங்கட பொறுப்பு, ஒங்கட தலையில போட மாட்டேன்."

தலையில் போட மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் அது என் தலையில்தான் இருந்தது. இரண்டாவது தொகுதியைத் திறந்து படம் படமாகப் பார்த்தேன். சரிவில் நடக்கிற அந்த ஏழு பேரிடம் மறுபடி வந்தேன். முகம் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையும் நிழலும்தான். நிழல்கள் நீளமாக இருந்தன, காலையாகவோ மாலையாகவோ இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறார்களா, வேலை முடிந்து வருகிறார்களா, சண்டைக்குப் போகிறார்களா? உண்மையாகவே சண்டைக்காரர்களாகவும் இருக்கலாம். நான் அவர்களை நல்லவர்கள் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். வாழ்க்கையில் முதல்தடவையாக, மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், எதிரில் இருப்பதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு முதலாளியிடம் போய், கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். அவர் கடிதம் எழுதுவோம் என்று கணினியைத் திறந்தார். மீட்புப் பணி என்று சொல்லி எங்களிடம் கொடுக்கப்பட்ட வேலை அதுவல்ல என்று தெரியவந்தது, இரண்டாவது தொகுதியை அனுப்ப மாட்டோம், முதல் தொகுதியில் நாங்கள் போட்ட பெட்டிகளை நம்ப வேண்டாம், தயவுசெய்து அழித்துவிடுங்கள், அதை அத்தாட்சிப்படுத்திய என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினோம்.

என்னை அரித்தது அந்த முதல் தொகுதிதான். இனிச் செய்யாமல் இருப்பது எளிது. ஏற்கெனவே செய்ததை என்ன செய்வது? இரண்டு வாரப் பெட்டிகள், என் கையெழுத்தோடு போய்விட்டன. அவற்றைப் படித்துவிட்டு எங்கோ ஒரு சரிவுக்கு மேல் எதுவோ பறந்துகொண்டிருக்கலாம். ஐந்து நாள் பதில் வரவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. மருமகள், காய்ச்சலா அத்தை என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது மண்வெட்டியோடு யாராவது வீதியைக் கடந்தால் என் கண் தானாக அவரைச் சுற்றி ஒரு பெட்டி போட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. தானே என் மேசைக்கு வந்து, மின்னஞ்சலை அச்செடுத்த தாளை முன்னால் வைத்தார். எழுதியிருந்தவர் அந்த இளைஞர்தான். ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது, வருந்துகிறோம் என்பது முதல் பந்தி. இரண்டாவது பந்தியை மூன்று தடவை வாசித்தேன். முதல் தொகுதி இறுதி வாடிக்கையாளருக்கு அனுப்பப்படவேயில்லை. படம் பார்த்துக் குறித்தவர்களுக்கிடையே முரண்பாடு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததால் தரகு நிறுவனத்தின் சரிபார்ப்பில் முழுத் தொகுதியும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கேட்டுக்கொண்டபடி இப்போது அழிக்கப்பட்டுவிட்டது.

முரண்பாடு. அதாவது யோகா. நான் திருத்தச் சொல்லி அவள் திருத்தாத அந்தப் பெட்டிகள். அவற்றுக்காகத்தான் நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். அவள் எனக்குக் கீழ்ப்படிந்திருந்தால் தொகுதி அழகாகத் தேறிப் போயிருக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் தாளை அவளுடைய மேசையில் வைத்து அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒக்காருங்க மிஸ், ஒக்காருங்க, போகலல்ல, அது போதும்" என்றாள். தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தாள். அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. உடம்பு முழுவதும் இறங்கியது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நாங்கள் உலகத்தில் எதையும் நிறுத்திவிடவில்லை. அந்த வேலை வேறு யாரிடமோ போயிருக்கும், அந்த இயந்திரம் வேறு யாருடைய பெட்டிகளிலோ பழகியிருக்கும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலை எதற்காக என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவள் எல்லோருக்கும் மாறாகப் பெட்டி போட்டால், திருத்து என்று சொல்லுமுன் ஏன் என்று கேளுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'தெரியவில்லை' பொத்தான் இல்லாத எந்த வேலையையும் இந்த அலுவலகம் எடுப்பதில்லை. அந்தப் பொத்தானை எடுத்துவிட யாராவது உங்களிடம் சம்மதம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை முதலாளி எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமை முதல் படம் எதுவும் இல்லை, வேறு வேலை தேடுகிறேன், கிடைத்ததும் ஆள் அனுப்புகிறேன், அதுவரை வீட்டில் இருங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நாற்பதில் பாதிப் பேரை இனிக் காணமாட்டோம் என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில், கோப்புகளை அடுக்கி வைக்கலாம் என்று வந்தேன். படி முழுக்கச் செருப்புகள். மேலே போனால் எல்லோரும் அவரவர் கதிரையில் இருக்கிறார்கள். திரைகள் கறுப்பாக இருக்கின்றன. தயாபரன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று, "வேலை இல்லையெண்டு தெளிவாத்தானே சொன்னவர்? பிறகேன் வந்தனியள்?" என்று கேட்கிறார். கேட்பவரும் காலை ஏழரைக்கே வந்தவர்தான்.

"வீட்டுல இருந்தா வேல போயிருச்சுன்னு சொல்லுவாங்க தயாண்ணே" என்றாள் யோகா. "இங்க வந்து ஒக்காந்தா, இன்னும் வரலன்னுதானே அர்த்தம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அந்தச் சிங்களப் பிள்ளை மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். முதலாளி படியேறி வந்து, வாசலில் நின்று, அத்தனை பேரையும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கிப் போய், பக்கத்துக் கடையில் நாற்பத்திரண்டு பிளேன்டீயும் ரோல்ஸும் சொல்லிவிட்டு வந்தார். வேலை வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் ஒருவரும் லீவு எடுக்கவில்லை.